காதல் படம் என்றால் எந்தக் காதல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் தொலைக்காட்சிப் படங்களின் பட்டியல் போடுகிறீர்கள். சென்ற வாரம் ‘காதலிக்க நேரமில்லை’, ‘மௌன ராகம்’, ‘காதல்’ மூன்றுக்கும் எதிரே ‘காதல் படம்’ என்று ஒரே சொல்தான் இருந்தது. அதை நம்பி இரவுச் சாப்பாட்டுக்கு முன் ‘காதல்’ போட்டோம். என் மருமகள் லேசான படம் என்று நினைத்து உட்கார்ந்தாள். சாதிக்காரர்கள் பிரித்துவிட, மதுரை மெக்கானிக் பையன் கடைசியில் புத்தி பேதலித்துத் தெருவில் நிற்பான் அல்லவா, அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள்.

நான் கும்பகோணத்தில் 1987 முதல் பதினாறு வருடம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன். யாராவது வந்து “நல்ல லவ் படமா ஒண்ணு கொடுங்க” என்றால், “அழணுமா, சிரிக்கணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவேன். சிரிக்க வேண்டுமென்றால் 1964-இல் இயக்குநர் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. அழ வேண்டுமென்றால் அதே ஸ்ரீதர் ஐந்து வருடம் முன்னால் எடுத்த ‘கல்யாணப் பரிசு’: அக்காவும் தங்கையும் ஒருவரையே விரும்பும் கதை. தங்கவேலுவின் ‘எழுத்தாளர் பைரவன்’ நகைச்சுவைக்காகவே அதை எடுத்துப் போனவர்களும் உண்டு. அவர்களை எந்த வகையில் சேர்ப்பது?

ஒருதலைக் காதலுக்குத் தனி வரிசை, கல்லூரிப் பையன்களுக்கு. 1996-இல் ‘காதல் கோட்டை’ வந்ததும், முகம் பார்க்காமல் கடிதத்திலேயே வளரும் காதல் என்று இன்னொரு வகை சேர்ந்தது. இன்றைக்கு வாட்ஸ்அப் டிபி பார்த்தால் பத்தாவது நிமிடத்தில் அந்தப் படம் முடிந்துவிடும்.

‘மௌன ராக’த்துக்குத்தான் எனக்குக் குழப்பம். என்ன வேண்டும் என்று புதுக் கணவன் கேட்க, ரேவதி விவாகரத்து கேட்பார். கல்யாணமாகி ஓராண்டு ஆக வேண்டும் என்பார் வக்கீல். அந்த ஓராண்டில் அந்த வீட்டுக்குள் நடப்பதுதான் மீதிக் கதை. என்னிடம் அதில் இரண்டு கேசட் இருந்தன. ஒன்று பெரும்பாலும் பையன்களிடமே சுற்றியது. ரேவதியின் பழைய காதலனாகக் கார்த்திக் வரும் இடத்தில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, டேப் தேய்ந்து, திரையில் மழை பெய்யும். மற்றது அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கிப் போனது. அதில் மழை பெய்தது கணவன் மோகன் வாங்கி வந்த கொலுசு வருகிற இடத்தில். ஒரே படத்தில் இரண்டு காதல் படம் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே பட்டியலில் ஒரு வார்த்தை கூடுதலாகப் போடுங்கள். இடமில்லையென்றால், நான் கேசட்டின் முதுகில் ஒட்டியதைப் போல ஒரு புள்ளி போதும். அழுகைக்குச் சிவப்பு, சிரிப்புக்குப் பச்சை. ‘மௌன ராக’த்துக்கு மட்டும் நான் இரண்டையும் ஒட்டியிருந்தேன்.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
கும்பகோணம்