பதினெட்டு வயதுப் பையனைத் திட்டும் பெரியவர்களுக்கு

மிச்சிகனில் வாழ்ந்துகொண்டு, சனிக்கிழமைதோறும் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்காக மஞ்சளும் நீலமும் அணிந்து டிவி முன் உட்காரும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம்மில் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பத்துப் பேர் கூடியிருந்தோம். பஜ்ஜி சுடச்சுட வந்துகொண்டிருந்தது. எதிரணி ஒரு பந்தை நீளமாக எறிந்தது. பந்தைப் பிடிக்க ஓடுபவனை ஒட்டிக் காக்க வேண்டிய நம் கார்னர்பேக் இரண்டடி பின்தங்கினான். டச்டவுன், ஆறு புள்ளி போச்சு. "இந்தத் தண்டத்தை எல்லாம் யார் சேர்த்தது?" என்று ஒரு குரல் எழுந்தது. அப்படிக் கேட்டவரின் மகனும் இந்த ஆண்டுதான் கல்லூரிக்குப் போயிருக்கிறான். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டு அம்மாவுக்கு போன் செய்தான் என அரைமணி நேரத்துக்கு முன்புதான் அவர் சொல்லிச் சிரித்தார்.

விருந்து வீட்டில் சண்டை வேண்டாம் என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டை உங்களில் பலர் மறந்திருக்க முடியாது. ரிச் ராட்ரிகஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மூன்றாவது, கடைசி ஆண்டு. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் ஒருவரே பந்தோடு 1,702 யார்டு (ஒரு யார்டு மூன்றடி) ஓடினார். தாக்குதலில் ஒரு குறையும் இல்லை. தற்காப்புதான் ஓட்டைப் பானை. சராசரியாக ஆட்டத்துக்கு 35 புள்ளிகள் கொடுத்தோம். விட்டுக்கொடுத்த யார்டுக் கணக்கில் 120 அணிகளில் 110ஆவது இடம். ஒரு படி கீழே ஆடிவந்த மாசச்சூசெட்ஸ் அணிகூட நம் அரங்கத்துக்கே வந்து 37 புள்ளி எடுத்தது. நாம் 42 எடுத்ததால் மானம் தப்பியது.

அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று இலினாய் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். முழு நேரத்தில் 45-45. மூன்று கூடுதல் சுற்றுகளுக்குப் பிறகு 67-65. இரண்டு அணிகளுமாக 132 புள்ளிகள். கடைசியில் இலினாய் கூடுதல் இரண்டு புள்ளி எடுத்துச் சமன்செய்ய முயன்றபோது, முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் நம் லைன்பேக்கர் உள்ளே பாய்ந்து குவார்ட்டர்பேக்கை நெருக்க, பந்து தரையில் விழுந்தது. வென்றோம். ஆனாலும் கார் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது கூட்டத்தில் பாதிப்பேர் தற்காப்பு ஆட்டக்காரர்களைத்தான் வசைபாடிக்கொண்டிருந்தார்கள். நானும் பாடினேன். அதனால்தான் இந்த மடலில் எனக்கும் பங்கு உண்டு.

யாரைத் திட்டினோம் என்று பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். நான்காம் ஆண்டு கார்னர்பேக் ட்ராய் உல்ஃபோக் ஆகஸ்ட் பயிற்சியிலேயே கணுக்கால் பெயர்ந்து அந்த ஆட்டப் பருவம் முழுவதையும் இழந்தார். இன்னொரு நல்ல கார்னர்பேக் டானவன் வாரன் ஓராண்டு படிப்பு மிச்சமிருக்கும்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். முந்தைய ஆண்டுகளில் சேர்த்தவர்களில் சிலர் விலகினார்கள், சிலர் விலக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவரான ஜே.டி. ஃபிளாய்டும் பருவத்தின் நடுவே அடிபட்டார். எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகச் சேர்க்கப்பட்ட கேம் கார்டன் கடைசிக் காவலான சேஃப்டி இடத்தில் நின்றார். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்த ஜோர்டன் கோவாக்ஸ் இன்னொரு சேஃப்டி. மற்ற இடங்களில் பலவற்றை அந்த ஜூன் மாதம்தான் பள்ளியை முடித்த பையன்கள் நிரப்பினார்கள்.

இதற்குக் காரணம் அந்த ஆண்டு நடந்த தவறு மட்டும் அன்று. நான்காம் ஆண்டு ஆட்டக்காரன் வேண்டுமென்றால் மூன்றாண்டுக்கு முன்பே சரியானவனைச் சேர்த்து, அவனை ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். அப்போது விதைக்காதவர்கள் பெரியவர்கள். வசவு மட்டும் களத்தில் நின்றவனுக்கு.

தாக்குதலில் புதியவன் ஓரளவு தாக்குப்பிடிப்பான். தற்காப்பில் ஏன் தவிக்கிறான்? தாக்குபவனுக்குத் தான் போக வேண்டிய இடம் முன்பே தெரியும். தடுப்பவன் பார்த்துப் புரிந்துகொண்டு பிறகு ஓட வேண்டும். சேஃப்டியின் இடத்தில் நின்று பாருங்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றருகே கொண்டுபோகிறான். கொடுக்கிறானா, நடிக்கிறானா? பழகியவன் பந்தைப் பார்ப்பதில்லை. எதிரணியின் முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்களின் தலையைப் பார்க்கிறான். தலை தாழ்ந்து முன்னே பாய்ந்தால் ஓட்டம். தலை நிமிர்ந்து பின்வாங்கினால் எறியப்போகிறார்கள். புதியவனுக்கும் இது தெரியும். கரும்பலகையில் எழுதச் சொன்னால் எழுதிக் காட்டுவான். ஆனால் கண் பந்தின் பின்னே போய்விடுகிறது. இரண்டே அடி முன்னால் வருகிறான். அந்த இரண்டடியில் ரிசீவர் அவனைத் தாண்டிவிடுகிறான். ஓட்டமாகவே இருந்தாலும், துரத்தும் கோணத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தால் 12 யார்டில் நிற்க வேண்டியது 70 யார்டு ஆகிவிடும். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

இன்னொன்று, பதினொரு பேரும் ஒரே விஷயத்தை நினைக்க வேண்டும். கபடியில் பாடி வருபவனைச் சங்கிலியாக மடக்கும்போது ஒரு கை நழுவினால் என்ன ஆகும்? எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் பந்து எடுக்கும் முன்பே இடம் மாறுகிறான். உடனே தற்காப்பில் ஒருவன் கையசைத்து மாற்றம் சொல்கிறான். மறுகோடியில் நிற்பவன் அதைக் கேட்காமல் பழைய திட்டத்திலேயே நிற்கிறான். நடுவில் ஒரு மைதானமே காலி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடும் அரங்கம் அது. எதிரணியிடம் பந்து இருக்கும்போதுதான் நாம் அதிகம் கத்துகிறோம். நம் பையன்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டிய நேரமும் அதுதான். அவர்களுக்கும்தான் காது கேட்பதில்லை.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விஸ்கான்சின் வந்து 48-28 என்று வென்ற நாளை நினைத்தாலே போதும். அவர்களுடைய முன்வரிசையில் அந்த ஆண்டு சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லாண்ட் விருது பெற்ற கேப் காரிமி ஐந்தாம் ஆண்டு மாணவர். எடை ஏறக்குறைய 148 கிலோ. பின்பாதியில் அவர்கள் பந்தை எறியவே மெனக்கெடவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

பயிற்சியாளர்களையும் முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தற்காப்பைக் கவனித்த கிரெக் ராபின்சன், தொழில்முறை டென்வர் அணியோடு இரண்டு சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளை வென்றவர். ஆனால் தலைமைக்குப் பிடித்த மூன்று-மூன்று-ஐந்து (முன்னே மூவர், நடுவே மூவர், பின்னே ஐவர்) அமைப்பை அவர் நடத்த வேண்டியிருந்தது. சமைப்பவருக்குத் தெரிந்த சமையல் ஒன்று, வீட்டுக்காரர் கேட்டது வேறொன்று. சாப்பிட்டவர்கள் பையன்கள். பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் என்பது விதி. வேடிக்கை என்னவென்றால், பயிற்சி நேர விதிகளை மீறியதற்காக அதே 2010இல்தான் நம் அணிக்குத் தண்டனையும் கிடைத்தது.

2011 ஜனவரி முதல் நாள் மிசிசிப்பி ஸ்டேட் நம்மை 52-14 என்று நையப்புடைத்தது. ராட்ரிகஸ் போனார். பிரேடி ஹோக் வந்தார். பால்டிமோர் ரேவன்ஸ் அணியிலிருந்து கிரெக் மாட்டிசன் தற்காப்புக்கு வந்தார். 2011இல் ஆட்டத்துக்குக் கொடுத்த சராசரி 17.4 புள்ளி, நாட்டிலேயே ஆறாவது இடம். 11 வெற்றி, 2 தோல்வி, பருவக் கடைசி ஆட்டமான சுகர் பவுல் கோப்பை. களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் நாம் கார் நிறுத்தத்தில் திட்டிய அதே பையன்கள்தாம்.

வயது ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்தது என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டிசன் நல்ல ஆசிரியர். உல்ஃபோக் திரும்பி வந்தார். தரையில் உருண்ட பந்துகள் அந்த ஆண்டு நம் பக்கமே அதிகம் வந்தன. அது வெறும் அதிர்ஷ்டம். மைக் மார்ட்டின் போன்ற நாலாம் ஆண்டு ஆட்டக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆனாலும் கோவாக்ஸ் இரண்டடி முன்னால் வருவதை நிறுத்தியிருந்தார். அதை யாரும் அவருக்கு ஓரிரவில் ஊட்டியிருக்க முடியாது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். உண்மைதான். 2021 முதல் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவன் ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம். அனுபவத்தைக் கடையில் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்கிறார்கள். 2024 முதல் தற்காப்பில் ஒருவனுடைய தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரலும் கேட்கிறது. ஆனால் அடுத்து பந்தை எடுக்கக் கொடுக்கும் நேரத்தை எண்ணும் கடிகாரம் 15 வினாடியைத் தொட்டதும் அந்தக் குரல் அறுந்துவிடும். எதிரணி தன் ஆட்களை இடம் மாற்றுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அங்கிருந்து பையன்கள் பாடு. வாங்கி வந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் நாளில், துணி துவைக்கத் தெரியாத ஒருவன்தான் உள்ளே போகிறான்.

அடுத்த சனிக்கிழமை நான் வருவேன். பஜ்ஜியும் வேண்டும். திட்டியே தீர வேண்டும் என்றால், ஆட்களைச் சேர்ப்பவர்களைத் திட்டுங்கள், திட்டம் வகுப்பவர்களைத் திட்டுங்கள். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள், தாங்குவார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2010இல் வேறு ஆளில்லாமல் கார்னர்பேக் இடத்தில் இறக்கிவிடப்பட்ட முதலாண்டு மாணவர்களில் கோர்ட்னி ஏவரி ஒருவர். ஒஹாயோவிலிருந்து வந்தவர், பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். மறு ஆண்டு நவம்பர் 26, ஒஹாயோ ஸ்டேட்டுடன் ஆட்டம். 40-34 என்று நாம் முன்னே, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, பந்து அவர்களிடம். எறிந்த பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்தவர் ஏவரி. எறிந்தவர் பிராக்ஸ்டன் மில்லர். அவர் அந்த ஆண்டுதான் கல்லூரிக்கு வந்த முதலாண்டு மாணவர். அன்றிரவு ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் நகரத்து பேஸ்மென்ட்டுகளில் அவரை என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அவருடைய அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து கத்திய ஒருவன்