தள்ளுபடி என்ற சொல்லைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அன்றே பதில் சொல்ல முயன்றேன்; பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால் இப்போது ஆற அமர எழுதுகிறேன். நிசேயாவில் கூடிய ஆயர்கள் தங்களுக்குப் பிடிக்காத நூல்களையெல்லாம் எரித்துவிட்டு மீந்ததை வேதமாக்கிக்கொண்டார்கள் என்று உன்னோடு வேலை பார்க்கும் பெண் சொன்னதாகச் சொன்னாய். ஏனோக்கின் நூல் என்று ஒன்று இருப்பதை வீட்டில் ஒருநாளாவது ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டாய். கேள்வியைவிட உன் குரலில் இருந்த வருத்தம்தான் எனக்கு உறைத்தது.

நிசேயாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. 325ஆம் ஆண்டில் கூடிய அந்த ஆயர்களின் சங்கம், குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனையை விசாரித்தது, பாஸ்கா என்னும் உயிர்த்தெழுதல் பண்டிகையை எந்த நாளில் கொண்டாடுவது என்று பேசியது, 20 விதிகளை எழுதி வைத்தது. வேதத்தில் எந்தெந்த நூல்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் அவற்றில் கிடையாது. ஒரே நாளில் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் அதை முடிவு செய்யவில்லை. நடந்தது மெதுவாக, பல ஊர்களில், பல நூறு ஆண்டுகளில் நடந்தது.

ஏனோக்கைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை என்பது முழு உண்மையில்லை. ஆச்சியின் வேதாகமத்தை நீ எடுத்துப் பார்த்திருக்கிறாய். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு முந்தின பக்கங்களில் யூதா நிருபம் இருக்கிறது, ஒரே அதிகாரம். அதில் 14ஆம் வசனத்தின் கீழ் ஆச்சி ஊதாப் பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். அந்த மை இப்போது பின்பக்கம் வரை ஊறித் தெரிகிறது. ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு முன்னறிவித்ததாக அங்கே வரும் வார்த்தைகள், கர்த்தர் ஆயிரமாயிரமான பரிசுத்தவான்களோடு நியாயந்தீர்க்க வருகிறார் என்ற அந்த வார்த்தைகள், ஆதியாகமத்தில் இல்லை. ஆதியாகமம் ஏனோக்கைப் பற்றிச் சொல்வது சில வரிகள்தான்: அவன் தேவனோடே சஞ்சரித்தான், காணப்படாமற்போனான். யூதா எடுத்துக் காட்டுவது ஏனோக்கின் நூலினுடைய முதல் அதிகாரத்தை. குடும்ப ஜெபத்தில் எத்தனையோ தடவை நீயே அதை வாசித்திருக்கிறாய். எங்கிருந்து வந்தது என்று நானும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

எனக்கே அது தெரியவந்தது அச்சகத்தில்தான். யூதா நிருபத்துக்கு ஒருவர் எழுதிய விளக்கவுரையின் மெய்ப்பு, அதாவது பிழை திருத்துவதற்கான அச்சுப்படி, என் மேசைக்கு வந்தது. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, நான் மெய்ப்பில் விரலை வைத்துத் தொடர்ந்துகொண்டே போனேன்; ஏனோக்கின் நூலில் 108 அதிகாரங்கள் என்று வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். பிழையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வு நேரத்தில் குழப்ப வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன், அப்படியே ஆண்டுகள் போய்விட்டன. அது என் தவறுதான் அம்மா. உன்னிடம் மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை.

இனி அந்த நூலைப் பற்றிச் சொல்கிறேன். ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளைக் கண்டு விவாகம் பண்ணினார்கள் என்று இரண்டு மூன்று வசனங்களில் சொல்லிவிட்டுப் போகிற செய்தியை இந்த நூல் பெரிய கதையாக விரிக்கிறது. 200 தூதர்கள் எர்மோன் மலையின்மேல் இறங்கி, எடுத்த தீர்மானத்தைக் கைவிடுவதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் அசாசேல் என்பவன் மனிதருக்கு வாளும் கேடயமும் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். வளையல் செய்யவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுப்பவனும் அவனே. பூமியில் இவ்வளவு அக்கிரமம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, ஏதேனில் தின்ற கனியைத் தவிர வேறொரு விடையும் யூதர்களிடையே வழங்கிவந்தது என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். நூலின் இன்னொரு பகுதி சூரியனும் சந்திரனும் எந்தெந்த வாசல்கள் வழியாகப் போய்வருகின்றன என்று கணக்குப் போடுகிறது. ஆண்டுக்கு 364 நாள், சரியாக 52 வாரம்; அந்தக் கணக்கில் ஒவ்வொரு பண்டிகையும் எல்லா ஆண்டும் ஒரே கிழமையில் வரும். ஆனால் பிறைபார்த்து மாதம் தொடங்குகிற வழக்கமே யூதர்களிடம் நிலைத்தது. அவர்கள் தங்கள் வேதத்தை 24 நூல்களாக எண்ணியபோது ஏனோக்கு அதில் சேரவில்லை.

ஆதிச் சபையார் இந்த நூலை வைத்துப் பட்ட பாட்டைப் படித்தால் உன் வருத்தம் குறையும் என்று நினைக்கிறேன். வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், யூதா சாட்சி சொன்னதையே காட்டி, இதை ஏற்க வேண்டும் என்று வாதாடினார். இருநூறு ஆண்டுகள் கழித்து அதே கரையில் ஆயர் அகுஸ்தீன், ஏனோக்கு தேவனால் ஏவப்பட்டுச் சிலவற்றை எழுதினார் என்பதை யூதா சொல்லும்போது மறுக்க முடியாது, ஆனால் இவ்வளவு பழைய பெயரில் உலவுகிற எழுத்து உண்மையிலேயே அவருடையதுதானா என்று எப்படி உறுதி செய்வது என்று தயங்கினார். எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது. கையெழுத்துப் பிரதி யாருடையது என்று தெரியாமல் நானும் திருத்தம் போட்டதில்லை. இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஏனோக்கை மேற்கோள் காட்டிய காரணத்தாலேயே யூதா நிருபத்தைப் பலர் ஒதுக்கினார்கள் என்று, வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதி வைத்திருக்கிறார். அதாவது ஆச்சி கோடு போட்ட அந்தப் பக்கமே வெளியில் நின்றிருக்கக்கூடும்.

மறைத்தார்கள், எரித்தார்கள் என்ற பேச்சுக்கு நான் வைக்கும் பதில் அந்தியோகியாவின் ஆயர் செராப்பியோன். கி.பி. 200ஐ ஒட்டிய காலம். கடற்கரை ஊரான ரோசஸில் பேதுருவின் பெயரால் வழங்கிய ஒரு சுவிசேஷத்தைச் சபையில் வாசிப்பதா வேண்டாமா என்று சண்டை. ஊருக்குப் போனவர், நூலைத் திறந்துகூடப் பார்க்காமல், சண்டை இதற்காகத்தான் என்றால் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு சந்தேகம் வந்து, அதைப் பயன்படுத்தியவர்களிடமே இரவல் வாங்கி முழுவதும் படித்தார். பெரும்பகுதி சரியானதே, சில இடங்களில் மட்டும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது என்று அந்த இடங்களை வரிசைப்படுத்திக் கடிதம் எழுதினார். படிக்காமல் கொடுத்த அனுமதியைப் படித்தபின் திரும்பப் பெற்றார். அந்தச் சுவிசேஷத்தின் ஒரு பகுதி 1886-87இல் எகிப்தின் அக்மீம் என்ற ஊரில் ஒரு கல்லறையிலிருந்து வெளிவந்தது. துறவி ஒருவருடைய கல்லறை என்கிறார்கள். அதே சுவடியில் கிரேக்க மொழியில் ஏனோக்கின் நூலின் ஒரு பகுதியும் சேர்த்துக் கட்டியிருந்தது. சபை பட்டியலில் சேர்க்காத நூல்களை யாரோ ஒருவர் ஒன்றாகத் தைத்து வைத்திருந்திருக்கிறார். அந்தக் கட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிப்போகிறது.

இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் முதன்முதலில் வரிசைப்படுத்திக் காட்டும் எழுத்து, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் தம் சபைகளுக்கு அனுப்பிய பண்டிகைக் கடிதம். அதில் ஏனோக்கின் பெயரால் வரும் நூல்களை அவர் கடிந்து பேசுகிறார்: மோசேக்கு முன் வேதம் ஏது, இவை ஏனோக்குடையவை என்று எளியவர்களை நம்பவைத்தது யார் என்று கேட்கிறார். இதே அத்தனாசியுஸ்தான் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஃப்ருமெந்தியுஸ் என்பவரை எத்தியோப்பியாவின் அக்சுமுக்கு முதல் ஆயராக அபிஷேகம் செய்து அனுப்பியவர். அவர் அனுப்பிய ஆயரால் வளர்ந்த அந்தச் சபைதான் ஏனோக்கின் நூலை இன்றுவரை வேதமாகவே வாசிக்கிறது. அவர்களுடைய கணக்கில் வேதத்தில் 81 நூல்கள். கிரேக்கத்திலும் அரமேயத்திலும் முழுப்பிரதி இல்லாமல் போய்விட்ட நூலைத் தங்கள் கீஸ் மொழியில், தோல் ஏடுகளில், பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதிக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நம் ஊரில் ஓலைச்சுவடிக்கு நடந்த கதையும் இதுதானே. ஏடு பெயர்த்தெழுத ஆள் இல்லாத நூல் செல்லுக்கு இரையாகும், அதற்கு நெருப்பு வேண்டியதில்லை. ஐரோப்பா ஏனோக்கை மறுபடி முழுதாகப் பார்த்தது ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ் 1773இல் எத்தியோப்பியாவிலிருந்து மூன்று பிரதிகளைக் கொண்டு திரும்பிய பிறகு. ஆங்கில மொழிபெயர்ப்பு வர 1821 ஆனது.

அந்தப் பிரதிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நான் நீண்ட நாள் யோசித்தேன். சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகள் அதற்கு விடை தந்தன. 1952இல் கண்டெடுத்த நான்காம் குகையில் ஏனோக்கின் 11 பிரதிகளிலிருந்து உதிர்ந்த துண்டுகள் அரமேய மொழியில் கிடைத்தன. சில துண்டுகள் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முந்தியவை. அரமேயத்திலிருந்து கிரேக்கத்துக்கும் கிரேக்கத்திலிருந்து கீஸுக்கும் போய், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கைமாறி வந்த வாசகத்தை இந்தத் துண்டுகளோடு வைத்து ஒப்பிட்டால், அது அதே நூல்தான் என்று தெரிகிறது. மாற்றங்கள் இல்லாமல் இல்லை: வானக் கணக்குப் பகுதி அரமேயத்தில் இன்னும் நீளம், உவமைகள் என்கிற நடுப்பகுதி அந்தக் குகைகளில் கிடைக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் மூலத்தையும் மெய்ப்பையும் ஒப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் தெரியாத அந்த எழுத்தர்களை எழுந்து நின்று வணங்கத் தோன்றுகிறது.

நம் சபையில் இத்தகைய நூல்களுக்குத் தள்ளுபடி ஆகமங்கள் என்று பெயர். நம் அடுத்த வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தின் திருவிவிலியத்தில் தோபித்தும் மக்கபேயரும் இருப்பதைப் பார்த்து நீ சின்னவளாக இருந்தபோது திகைத்தாய். அவர்களுக்கு 73, நமக்கு 66. நாம் தள்ளுபடி என்பதை அவர்கள் இணைத் திருமுறை என்கிறார்கள். ஏனோக்கோ இரு வீட்டுப் புத்தகத்திலும் இல்லை. நீதிமன்றத்தில் வழக்குத் தள்ளுபடியானால் கட்டைக் கிழித்தெறிவதில்லை, எண் போட்டு ஆவண அறையில் வைக்கிறார்கள். சபை நம்பிக்கைக்கு ஆதாரமாக நிறுத்த வேண்டாம் என்று ஒதுக்கியது. வாசித்து அறிய வேண்டாம் என்று நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். பரங்கிமலைப் படிகளில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினேனே, தோமா இந்தியாவுக்கு வந்ததை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூலும் தள்ளுபடியானதுதான். மூன்றாம் நூற்றாண்டின் தோமாவின் நடபடிகள் அது. அதில் மயிலாப்பூரின் பெயர் இல்லை. அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டதாக அதில் வரும் குந்தபர் என்ற அரசன் வெறும் கற்பனை என்றே பலர் நினைத்திருந்தார்கள், வடமேற்கில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைக்கும் வரையில்.

உன்னிடம் எனக்கு ஒரு வேண்டுதல் உண்டு. நீ இருக்கும் லண்டனில், செயின்ட் பாங்கிராஸ் நிலையத்துக்கு அடுத்த பிரிட்டிஷ் நூலகத்தில் சினாய் சுவடி இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் கையால் எழுதிய வேதாகமம் அது; தோல் ஏடு, பக்கத்துக்கு நான்கு பத்திகளாக எழுதியது, 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. அதில் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பிறகும் ஏடுகள் தொடர்கின்றன: பர்னபாவின் நிருபமும் எர்மாவின் மேய்ப்பன் என்ற நூலும். பர்னபாவின் நிருபம் நான்காம் அதிகாரத்தில் ஏனோக்கு சொல்வதுபோல என்று ஓர் இடம் வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்களோ தெரியாது. எல்லாப் பக்கங்களின் படமும் இணையத்தில் இருப்பதால் அந்த இடத்தை நீ வீட்டிலிருந்தே தேடிக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு சனிக்கிழமை நேரில் போய் நின்று பார். எழுத்தர் தவறவிட்ட சொல்லை ஓரத்தில் எழுதிச் சேர்த்த திருத்தங்கள் அந்தச் சுவடியில் ஏராளம் என்கிறார்கள். எந்த அடையாளம் போட்டு, வரிக்கு மேலேயா பத்தியின் ஓரத்திலா அவற்றை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா