நீ சொல்லு, நான் எழுதுகிறேன்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. "எழுதறதை விட்டுட்டேம்மா. எங்க மகளிர் குழுவுல ஒருத்தி, புருஷன் அடிச்சுக் கை ஒடிஞ்சு கிடக்கா. இதுல நான் கதை எழுதிட்டு உட்கார முடியுமா?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி உன் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். 115 நாவல் எழுதியவர் என்று மட்டும் சொன்ன ஞாபகம். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதுதான் இன்றைக்கு உனக்கு வேண்டியது.

1907-இல், ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளிக்கூடம் போனதில்லை. மனசு நிறையக் கதை, கைக்கு மட்டும் எழுத்து வசப்படவில்லை. அதனால் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். வீட்டு வேலையெல்லாம் முடிந்தபின் இரண்டு பெண்கள் உட்கார்ந்து, ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதுவதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோழி கை கொடுத்திராவிட்டால்?

1925-இல் ஜகன்மோகினி பத்திரிகை அவர் கைக்கு வந்தது. சாகும்வரை ஏறக்குறைய 35 வருஷம் நடத்தினார். காந்தியைப் பார்த்துவிட்டு வந்தபின் பட்டுப் புடவையையும் நகையையும் ஒதுக்கிக் கதர் கட்டினார். கள்ளுக்கடை மறியலுக்குப் போய் ஜெயிலுக்கும் போனார். உள்ளே கூட இருந்த பெண்களின் கதைகளைக் காது கொடுத்துக் கேட்டார். அங்கேயே எழுதவும் செய்தார். மறியல் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று ஒத்திப்போடவில்லை. காந்தி மறைந்தபின் 1948-இல் திருவல்லிக்கேணியிலேயே மகாத்மாஜி சேவா சங்கம் தொடங்கி, ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்போதும் பத்திரிகை நிற்கவில்லை.

இப்போது என் கதை. நம் திண்ணையில் எத்தனை பேருக்கு முதியோர் பென்ஷன் மனு, விதவைப் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்திருப்பேன்! நீ பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டாம்பு ஒட்டுவாய். "அவர் செத்து நாலு வருஷமாச்சு" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் மாமியார், கடன், செத்துப்போன பிள்ளை என்று ஒரு மணி நேரம் போகும். மனுவுக்குப் பெயர், வயது, வருமானம் போதும். தாலுகா ஆபீஸில் வேறெதையும் படிக்க மாட்டார்கள். மீதியெல்லாம் என்னிடமே தங்கிவிட்டது. அப்போதே ஒரு நோட்டில் குறித்திருக்கலாம். இன்றைக்கு முகம் நினைவிருக்கிறது, சொன்ன வார்த்தை போய்விட்டது. அவர்களிலும் பாதிப் பேர் இப்போது இல்லை. எனக்குத் தீராத வருத்தம் இதுதான்.

கை ஒடிந்த அந்தப் பெண்ணின் புகார் ஸ்டேஷனில் நாலு வரியாக இருக்கும். அவளைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போ, வக்கீலிடம் கூட்டிப் போ, அதெல்லாம் முதலில். ஆனால் அவள் வாயால் சொன்னது முழுக்க உன்னிடம்தான் இருக்கிறது. அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, பெயரையும் ஊரையும் மாற்றி எழுது.

இன்னொன்று. 1956-இல் மகன் இறந்ததும் கோதைநாயகி அம்மாள் ஒடிந்துபோனார். காசநோய் கண்டு, 1960 பிப்ரவரியில் தாம்பரம் சானடோரியத்தில் கண்ணை மூடினார். 58 வயது. என்னைவிடச் சின்னவர். உனக்கு இருமல் இரண்டு வாரத்துக்கு மேலாக இருக்கிறது, போனிலேயே கேட்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. நாளைக்கே போ. ஊரெல்லாம் கூட்டிப் போகிறாய், உன்னைக் கூட்டிப் போக அங்கே ஆள் இல்லையே என்றுதான் எனக்குப் பயம்.

ராத்திரி வீடு திரும்பினால் பேனா பிடிக்கத் தெம்பில்லை என்கிறாய். நம்புகிறேன். பிடிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குமேல் எனக்குப் போன் போடு. அன்றைக்குக் கேட்டதைப் படுத்துக்கொண்டே சொல்லு, தூக்கம் வந்தால் பாதியில் நிறுத்திக்கொள். மனு எழுதி எழுதி அம்மா கையெழுத்து இன்னும் அச்சு மாதிரிதான் இருக்கிறது. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா