சுருதிப் பெட்டியைத் தின்ற கணினி

அன்புள்ள ரேடியோ,

நலம். அங்கும் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டும்; திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது எழுதுவது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான்.

அம்மாவின் ஊஞ்சல் பாட்டுகளையும் நலங்குப் பாட்டுகளையும் கணினியில் பதிந்து வைக்கத் தொடங்கினேன். அவளுக்கு 79 வயது. பாதிப் பாட்டுகள் அவளுடைய நோட்டில்கூட இல்லை. முதல் நாள், ஐந்து கட்டைச் சுருதியில் பாடியது, கீழே இறங்கி நான்குக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கோ ஒலித்தது. 4 நிமிடப் பாட்டு 21 விநாடி நீண்டிருந்தது. கணினியின் சவுண்டு கார்டு ஒலியை விநாடிக்கு 48,000 மாதிரிகளாக, அதாவது துணுக்குகளாக எடுக்க, பதிவு மென்பொருள் அவற்றை 44,100 என்று எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டையும் 48,000 ஆக்கியதும் சரியாயிற்று. வாத்தியார் இருந்திருந்தால் கேட்ட கணமே கண்டுபிடித்திருப்பார்; எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று.

அடுத்ததுதான் விஷயம். பதிவில் அம்மாவின் குரல் இருந்தது, பக்கத்திலேயே வைத்து விடாமல் ஒலிக்கவிட்டிருந்த சுருதிப் பெட்டியின் ஒலியைக் காணோம். அதோடு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவள் கொடுக்கும் கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது, பாதியில் தேய்ந்து அறுந்தது. வயதாகிவிட்டது, மூச்சு நிற்கவில்லை என்று நானே முடிவு செய்து, "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடேன் அம்மா" என்று மூன்று நாள் அவளைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தேன். அவளும் ஒன்றும் சொல்லாமல், தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

நான்காம் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடக்கத்தை மட்டும் பத்துத் தடவை கேட்டேன். முதல் ஒன்றிரண்டு விநாடிகள் சுருதி தெளிவாக இருந்தது; பிறகு யாரோ கதவைச் சாத்துவதுபோல மெல்ல அடங்கியது. பெட்டி பழுதாக இருந்தால் அப்படி அடங்காது. மைக் அமைப்புகளில் தேடினால், 'நாய்ஸ் சப்ரஷன்' என்ற, இரைச்சலை அடக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் மின்விசிறி இரைச்சல் என்பது அதன் கணக்கு; பேச்சுக்காகச் செய்யப்பட்டது, சுருதியை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அசையாமல் நிற்கும் கார்வையையும் அதே கணக்கில் விழுங்கியிருக்கிறது. மூச்சு நன்றாகத்தான் நின்றது, ரேடியோ. நான்தான் அவளைக் கிழவியாக்கிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னபோது, "எனக்குத் தெரியுமே, நான் நிறுத்தவே இல்லையே" என்றாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வசதியை அணைத்ததும், அதுவரை அது மறைத்து வைத்திருந்த ஒரு "ம்ம்ம்" வெளியே வந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது, செருகினால் வருகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் எர்த் வழியாக உள்ளே புகுகிறது என்று ஊகிக்கிறேன். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போதைக்குச் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி தாங்கும் 40 நிமிடத்துக்குள் பதிகிறோம். அதற்குள் இரண்டு பாட்டு முடிகிறது.

வரும் சனிக்கிழமை டெஸ்டரோடு வா. அடைக்கு ஊறப்போடப் போகிறாள். லாலி பாட்டை நீ வந்த பிறகுதான் பாடுவாளாம்.

உன்,
கடைசி பெஞ்சு