பூட்டிய கணினி அறையும் ஒரு சிறிய பற்றறியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் அடிக்கடி ஒரு படம் வரும். அதிபர் நடுவில் நிற்பார், இரண்டு பக்கமும் மாலை போட்ட விருந்தினர், முன்னால் மேசையில் பெட்டி பிரிக்காத கணினிகள். 'பாடசாலைக்குக் கணினிகள் கையளிப்பு' என்று கீழே ஒரு வரி. கொடுப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நாலைந்து வருடம் கழித்து அந்தக் கணினிகளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மல்லாவியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன்.

கடை வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்போதுதான் நான் கேட்கப்போவது விளங்கும்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னிக்குள் டோர்ச் பற்றறிகூட வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அந்த வயர் பொருத்துவதில் பிடித்த கிறுக்கு எனக்கு இன்னும் விடவில்லை. 1996இல் கிளிநொச்சிச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்து வந்தபோது, தொண்டு நிறுவனமொன்றின் அலுவலகமும் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. முதன்முதலாகக் கணினியைப் பார்த்தது அங்கேதான். பின்னேரம் ஜெனரேற்றர் ஓடும் மூன்று மணித்தியாலம்தான் அதற்கு உயிர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் வாசலில் நிற்பேன். பார்த்துப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு அண்ணர், அந்தக் காலக் கணினியை இயக்கும் டொஸ் கட்டளைகளைக் கொப்பியில் எழுதித் தந்தார். வீட்டில் கணினியும் இல்லை, மின்சாரமும் இல்லை. குப்பி விளக்கில் தேவாரம்போல அதைப் பாடமாக்கினேன்.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்ததும் வவுனியாவுக்குப் போய், பாவித்த பென்டியம் ஒன்று வாங்கினேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். 'இது என்ன?' என்று சிப்பாய் கேட்க, நான் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசையில் நின்ற சனம் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. 2008இல் போரால் ஊரை விட்டு ஓடும்போது அந்தக் கணினியை உரப்பையில் சுற்றி வளவுக்குள் புதைத்தேன். 2010இல் வந்து கிண்டினால் உள்ளே கறையான் புற்று. பரவாயில்லை, அதற்காவது ஒரு வீடு கிடைத்திருந்தது.

திரும்ப ஒன்று பொருத்தினேன். ஊரில் 'கொம்பியூட்டர் அண்ணை' ஆனேன். விண்டோஸ் போடுவது, வைரஸ் எடுப்பது, இடி மின்னலில் எரிந்த றூட்டர் பார்ப்பது எல்லாம் சும்மாதான். முருங்கைக்காய் வரும், பூசணிக்காய் வரும், ஒருமுறை ஒரு முட்டி எருமைத் தயிர் வந்தது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடி, படிப்பு சூமுக்கு மாறியதும் எங்கள் விறாந்தை பஸ் தரிப்பிடம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது மனுசி ஒரு கணக்குக் கொப்பி போட்டார். மாத முடிவில் வாசித்தும் காட்டினார்: சாமான் வாங்கியது 8,400 ரூபா, வரவு மூன்று பூசணிக்காய். "இந்தப் பூசணிக்காயைக் கொண்டுபோய் வவுனியாவிலை குடுத்து றாம் வாங்குங்கோ பாப்பம்" என்றார்.

அடுத்த வருடம் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து கடை போட்டேன்.

கடை போட்ட பிறகுதான் சங்கடம் தொடங்கியது. ஒருவர் மடிக்கணினியோடு ஓடிவந்தார். கந்தோரிலிருந்து வந்த கடிதம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம், வைரஸாம். பார்த்தால் கடிதம் பாமினி எழுத்துருவில் அடித்தது, அவருடைய கணினியில் பாமினி இல்லை. போட்டுக் கொடுத்தேன், தமிழ் வந்துவிட்டது. 300 ரூபா கேட்டேன். "ஒரு நிமிச வேலைக்கோ? ஒண்டும் மாத்தேல்லையே அண்ணை!" என்றார். மறுநாள் இன்னொருவருக்கு எரிந்த பவர் சப்ளையை மாற்றி 4,500 கேட்டேன். மறுபேச்சே இல்லை. அவர் கையில் பழைய சாமானைக் கொடுத்திருந்தேனே!

சரி, சனத்தை விடுங்கள், பழகிவிடும். பாடசாலைக் கதைக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு பாடசாலை என்னைக் கூப்பிட்டது. இருபது கணினிகள் இருந்த அறை, இரண்டு வருடமாகப் பூட்டு. 'எல்லாம் பழுது' என்று பதிவேட்டில் இருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கே இருந்து பார்த்தேன். பன்னிரண்டில், தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) இருக்கும் நாணயம் மாதிரிச் சின்னப் பற்றறி செத்திருந்தது, அவ்வளவுதான். அது செத்தால் கணினி ஒவ்வொரு முறையும் எஃப் 1 அழுத்தச் சொல்லும், மணிக்கூடு பல வருடம் பின்னால் போய்விடும். தேதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை அது ஏற்காது, ஒரு தளமும் திறக்காது. 'இன்ரநெற் வேலை செய்யேல்லை' என்று எழுதிப் பூட்டிவிடுவார்கள். இன்னும் ஐந்தில், றாமை, அதாவது நினைவகத்தை, கழற்றி அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டதும் வேலை முடிந்தது. ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. உண்மையிலேயே பழுது என்று சொல்லக்கூடியது மூன்றே மூன்றுதான்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றைப் போட்டபோது திரையில் 2009 ஜனவரி 1 என்று வந்தது. அது தாய்ப்பலகை செய்த காலத்துத் தேதி, வேறொன்றும் இல்லை. இருந்தாலும் பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தேதியை மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

பற்றறி ஒன்று இருநூறு ரூபாவுக்குள்தான். ஆனால் அதை வாங்கப் பாடசாலையில் ஒரு வழியும் இல்லை என்றார்கள். கணினி நன்கொடை, அதற்குப் பராமரிப்புக் காசு என்று எவரும் ஒதுக்கவில்லை. கடைசியில் ஆசிரியை தன் கைக்காசைத் தந்தார். என் கூலியைப் பற்றிப் பேச்சே வரவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மனுசியின் கொப்பியில் அந்தச் சனிக்கிழமை வெறுமையாக இருக்கிறது.

அதனால் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்கிறேன். இருபது கணினி கொடுக்க நினைத்தால் பதினெட்டுக் கொடுங்கள். மிச்சம் இரண்டின் காசை ஐந்து வருடப் பராமரிப்புக்கு என்று எழுத்தில் ஒதுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் திருத்துகிறவரோடு, நான்தான் என்றில்லை, ஆறு மாதத்துக்கொரு முறை வந்து பார்க்க ஒப்பந்தம் போடுங்கள். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை அவரோடு நிற்க விடுங்கள். என் கடைக்கு இப்போது சனிக்கிழமைகளில் ஒரு பெண்பிள்ளை வருகிறாள். என்னைவிட அவளுடைய வேலை சுத்தம்.

அந்த மூன்று கணினிகளும் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. இரண்டுக்குப் பவர் சப்ளை, ஒன்றுக்குத் தாய்ப்பலகை தேடுகிறேன். வாசகர் யாருடைய வீட்டு மூலையிலாவது பழைய கணினி கிடந்தால் தயவுசெய்து எறியாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
மல்லாவி.