சேசிஸில் மட்டும் கை வைக்காதே

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை ஆள் சீட், பின்னால் மட்கார்டே இல்லாத ஜாவா பைக்குகள். அழகாகத்தான் இருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே "டிசம்பர்ல வந்ததும் மாமாவோட எஸ்டியை இப்படிப் பண்ணிடலாம்மா" என்று ஒரு வரி போட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் வண்டி, அதாவது ஜாவா வழிவந்த நம் எஸ்டி பைக், இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மாமா கொடுத்தபோது அது மஞ்சள் குடோனில் சாக்குகளுக்குப் பின்னால் நின்றது. 1974 மாடல். டேங்க் முழுக்கத் துரு, இன்ஜின் ஜாம், வயரை எலி தின்றிருந்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் "நல்லா ஏறி மிதிங்க" என்றார்கள். மெக்கானிக் பாய் விடவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஊறப்போட்டார். பல நாள் கழித்து ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டியதும் அசைந்தது. துருவில் ஒட்டிய பிஸ்டனை மிதித்து இறக்கப் பார்த்தால் கனெக்டிங் ராட் வளையும், இல்லை ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறும்.

பிளாக்கில் ஏற்கெனவே ரீபோர் செய்த, அதாவது சிலிண்டர் ஓட்டையைக் கடைந்து அகலமாக்கிய, அடையாளம் இருந்தது. அசல் அளவு, போர் என்கிற ஓட்டை விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் என்கிற பிஸ்டன் நகரும் தூரம் 75 மி.மீ. இப்போது அடுத்த ஓவர்சைஸுக்குப் போயிருக்கிறோம். கால் மில்லிமீட்டர் படிகளாகத்தான் பிஸ்டன் வருகிறது. கடைசிப் படியைத் தாண்டினால் ஸ்லீவ் என்கிற புது உள்குழாய் போட வேண்டும். லேத்தில் போர் அடித்துக் கொடுத்ததும் நம் வேலை முடிந்துவிடவில்லை. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் மாதிரி போர்ட்கள் இருக்கும், தெரியுமல்லவா? போர் அடித்தபின் அவற்றின் விளிம்பு கத்தியாக நிற்கும். அதை அரத்தால் லேசாக மழுக்கவில்லை என்றால் ரிங் போய் மாட்டிக்கொண்டு ஒடியும். பாய் இதை உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்தார். நான் டார்ச் பிடித்தேன். முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவளுக்கு இப்போது டார்ச் பிடிக்கிற வேலை!

கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் வளையம், கிராங்க் ஆயில் சீல்தான் பெரிய விஷயம். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் சீல் கசிந்தால் தரையில் ஆயில் சொட்டும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றுகிற அறையான கிராங்க் கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அதை சிலிண்டருக்குள் தள்ளும். டைனமோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும், சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி, பின்னால் கொசு மருந்து வண்டி போகிற மாதிரி வெள்ளைப் புகை விடும். மாமா கடைசியாக ஓட்டின காலத்தில் தெருவே இருமியது என்று அத்தை சொல்கிறாளே, காரணம் இதுதான். வெளியில் பளபளவென்று பெயின்ட் அடித்து உள்ளே பழைய சீலோடு விற்கிற வண்டிகள் நிறைய. அதை ரெஸ்டோரேஷன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டேங்குக்கு நான் ஒரு வேலை செய்தேன், உனக்குப் பிடிக்கும். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து டேங்கில் ரொப்பி, நடுவில் ஒரு இரும்புக் கம்பியை டேங்கைத் தொடாதபடி தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுத்தேன். துரு இளகிக் கருப்பாக உதிர்ந்துவிட்டது. ஆசிட்போல நல்ல இரும்பைத் தின்பதில்லை. ஹைட்ரஜன் வரும் என்பதால் மொட்டை மாடியில் வைத்துத்தான் செய்தேன். கம்பி எவர்சில்வராக இருக்கக் கூடாது, குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும்.

சரி, நீ அனுப்பிய படங்களில் இருக்கிற பாணிக்கு, உன் கஃபே ரேசருக்கு, வருகிறேன்.

1950, 60களில் லண்டன் பக்கம் ஏஸ் கஃபே மாதிரி இடங்களில் கூடிய பையன்கள் வேகத்துக்காக வண்டியில் தேவையில்லாததைக் கழற்றினார்கள். ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், காலைப் பின்னால் தள்ளினார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் எஸ்டியை அப்படிச் செய்யப் போனால் முதல் நாளே ஒரு சிக்கல் வரும். இந்த வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. இடது பக்கத்து லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் இறக்கினால் கியர். கால் வைக்கிற இடத்தைப் பின்னால் தள்ளினால் லீவர் எட்டாது. இணைப்புத் தண்டு வைத்துக் கியரை இழுக்கலாம். ஆனால் இந்த வண்டிக்கே உரிய அந்தத் தந்திரத்தைப் பாழாக்கி எதைச் சாதிக்கப் போகிறாய்?

அடுத்து சைலன்சர். நீ அனுப்பிய ஒரு படத்தில் இரட்டைக் குழாயை எடுத்துவிட்டுக் குட்டையாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு பாகம், கண்ணு. எக்ஸாஸ்ட் வழியாக வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையைத் திரும்பி வருகிற அழுத்த அலை தடுத்து நிறுத்துகிறது. நீளத்தை மாற்றினால் அந்த அலை வந்து சேர்கிற நேரம் மாறும். சத்தம் கூடும், இழுவை குறையும். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெறும் கோன் போடுவதும் இதே கதைதான். கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றாமல் போட்டால் பிஸ்டன் பிடிக்கும்.

அப்புறம் ஒற்றை சீட். பின்னால் நான் எங்கே உட்காருவது? பின்சீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற தடுப்பு எல்லாம் இந்த நாட்டில் சட்டப்படி வேண்டும். சேலை கார்டு என்று நாம் சொல்கிறோமே, அதேதான். அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாப் பையன்களும் முதலில் கழற்றுவது அதைத்தான். நான் சேலை கட்டுகிறவள், அது இருக்கும்.

இவ்வளவையும் விட முக்கியம் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற ஃபிரேம். அந்த ஒற்றை சீட்டுக்காக ஃபிரேமின் பின்பக்கத்தை வெட்டி வளையம் வைத்து வெல்டு அடிக்கிறார்கள். அது மட்டும் வேண்டாம். சென்டிமென்ட் பேசுகிறேன் என்று நினைக்காதே. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வெட்டிய ஃபிரேமோடு ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த வாசலில் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021இல் வின்டேஜ் பதிவு என்று புது விதி கொண்டுவந்தார்கள். 50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கிற வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நம் வண்டிக்கு இப்போது அந்த வயது ஆகிவிட்டது. நான் அதற்குப் போகப் போவதில்லை, ஏனென்றால் அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று சில காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். எனக்குச் சந்தைக்குப் போகிற வண்டி வேண்டும். ஆனால் பின்னால் எப்போதாவது உனக்குத் தோன்றலாம். சேசிஸை வெட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆகவே என் கணக்கு எளிது. ஸ்பேனரால் கழற்றி மாட்டக்கூடிய எந்த மாற்றமும் செய்துகொள், நான் குறுக்கே வர மாட்டேன். கட்டரும் வெல்டிங்கும் வேண்டாம். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் துணியில் சுற்றி, பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஹேண்டிலைத் தாழ்வாக மாற்றிக்கொள், முதுகு வலி உன் பாடு. சீட்டை வேறு மாதிரி தைத்துக்கொள், இரண்டு பேர் உட்காருகிற மாதிரி. விளக்கை மாற்று. இந்த 6 வோல்ட் மஞ்சள் வெளிச்சத்தில் எதிரே எருமை நின்றாலும் தெரியாது. 12 வோல்ட்டுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் மாறுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. 0.4 மி.மீ. இடைவெளி வைத்து இக்னிஷன் பாயின்ட்டை உரசிக்கொண்டே காலம் தள்ள வேண்டும் என்கிற பக்தி எனக்குக் கிடையாது. பழைய டைனமோ மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

குரோம் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ரிம்மை ஒரு இடத்தில் கொடுத்தோம், பரவாயில்லை. இன்ஜின் மூடியை பாலிஷ் போடக் கொடுத்த இடத்தில் பையன் பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் மேலே இருந்த எழுத்தே மழுங்கிப்போய்விட்டது. கண்ணாடி மாதிரி மின்னுகிறது, என்ன பிரயோஜனம்? அதனால் மிச்சத்தை எல்லாம் மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து நானே கழுவுகிறேன். கீறல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கலர் விஷயத்தில் நீ கருப்பு என்கிறாய். டூல் பாக்ஸின் உள்பக்கத்தைப் பார்த்தால் அசல் கலர் அரக்குச் சிவப்பு. வெளியே மாமா இரண்டு மூன்று தடவை மாற்றியிருக்கிறார். கலர் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். மற்றபடி சட்டம் தடுக்கவில்லை, நான்தான் தடுக்கிறேன்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். நீ செக் நாட்டு ப்ராக்கில் உட்கார்ந்திருப்பது இந்த வண்டிக்குக் கிடைத்த யோகம். யானெச்செக் என்ற ஆயுதத் தொழிற்சாலைக்காரர் 1929இல் ஜாவா கம்பெனியை ஆரம்பித்தது உங்கள் ஊரில்தான். அப்புறம் வந்த டீனெட்ஸ் நாத் சாஸவோ ஆலையும் ப்ராக்குக்குத் தெற்கே பக்கத்தில்தான். ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருந்த காலத்திலேயே அவர்களுக்குத் தெரியாமல் ஒரு 250 சி.சி. வண்டியை வடிவமைத்து, போர் முடிந்து 1946இல் வெளியே கொண்டுவந்தார்கள். பெராக் என்று பெயர். அதன் வழிவந்ததைத்தான் 1961 முதல் மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா செய்தது. 1973 முதல் எஸ்டி என்ற பெயர், 1996இல் ஆலை மூடினார்கள். மாமா இதை மைசூர் வண்டி என்றே சொல்வார். லெட்னாவில் இருக்கிற தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அங்கே நிற்கிற பழைய ஜாவாக்களைப் படம் எடுத்து அனுப்பு. டேங்கில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கிட்டப்போய் எடு.

வாங்க வேண்டியவை: கிராங்க் சீல் இரண்டு பக்கமும், பெட்ரோல் டேப் வாஷர், கார்ப்ரேட்டர் கிட். எத்தனால் தாங்குகிற வைட்டான் ரப்பராகப் பார்த்து வாங்கு. இங்கே பங்க்கில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான், பழைய ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துவிடுகிறது. வாப்பே என்று அந்த நாட்டுக் கம்பெனி ஒன்று ஜாவாவுக்கு 12 வோல்ட் இக்னிஷன் கிட் செய்கிறது, விலை விசாரி. செக் அளவும் மைசூர் அளவும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று நம்பி வாங்காதே. பாய் வெர்னியர் வைத்து அளந்து தந்த தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடைக்காரரிடம் அதைக் காட்டு.

ஆயில் வேண்டாம். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி கலக்கிற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் இங்கேயே கிடைக்கிறது. பெட்டியில் சாக்லேட்டுக்கு இடம் விடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இக்னிஷன் கிட் விலை எவ்வளவு என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் சொல். மாமாவுக்குத் தெரிந்தால், "அந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டியே வாங்கியிருக்கலாம்" என்று பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.