புனலூர் நிலையத்தில் நீ சொன்னது

அன்புள்ள நண்பனுக்கு,

செங்கோட்டையில் அனைவரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலம் செல்லும் வண்டிகளால் சாலை நிரம்பி வழிகிறது. மகளுக்குத் தென்காசியிலேயே வேலை கிடைத்துவிட்டது. எழுத வந்தது வேறு.

சென்ற மாதம் புனலூர் நிலையத்தில் வழியனுப்ப வந்தபோது, படுக்கையில் கிடந்த அப்பாவை நான்கு ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டதைப் போல உன்னால் முடிந்திருக்காது என்றாய். நானோ, "அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான்" என்று சொல்லி, வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். உன் முகம் சற்று வாடியது. கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி வண்டி மலையேறியபோதும் அதே நினைவுதான். அடக்கம் என்று எண்ணிக்கொண்டு, நீ மனமாரக் கொடுத்ததை வாங்காமலே வந்துவிட்டேன்.

நண்பனை அவன் இல்லாத இடத்திலும், வேலை செய்பவரை வேலை முடிவிலும், பிள்ளைகளை நெஞ்சுக்குள்ளும் புகழச் சொல்கிறது ஔவை பெயரால் வழங்கும் தனிப்பாடல். நம் அப்பாக்கள் அதில் பிள்ளைகளைப் பற்றிய விதியை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். கண்பட்டுவிடும் என்ற அச்சம் வேறு. என் மதிப்பெண்ணைச் சொல்லி அப்பா மகிழ்ந்ததை நான் தேநீர்க் கடைக்காரர் வாயால்தான் அறிந்தேன். அப்படி வளர்ந்த ஆணிடம் இன்னொருவன் நல்ல வார்த்தை சொன்னால், இவனுக்கு என்ன காரியம் ஆகவேண்டுமோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. உன் வீட்டில் மகன் வைத்த மீன்கறியை வாயில் வைத்ததும் அவன் முகத்தைப் பார்த்தே நீ "கொள்ளாம்" என்று மலையாளத்தில் பாராட்டியதும், அவன் சிரித்ததும் எனக்குப் புதிதாக இருந்தது.

ஊர் திரும்பியபின், வாசல் கதவைச் சீர்செய்த ஆசாரியிடம், "நிலையோடு கதவு சேரும் இடத்தில் நகம்கூட நுழையவில்லை" என்றேன். அவர் பதில் பேசாமல், துடைத்த உளியையே மறுபடி துடைத்தார். புறப்படும்போது கதவை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு, "சேர்ந்துவிட்டதில்லையா?" என்றார்.

ஆகவே இப்போது சொல்கிறேன்: அன்று நீ சொன்னது என்னை மிகவும் மகிழ்வித்தது. அந்த நான்கு ஆண்டுகளை யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்பாவின் கடைசி மாதங்களில் ஞாயிறுதோறும் மலையைக் கடந்து வந்து அவருக்கு முகம் மழித்துவிட்டவன் நீ. என் கையைத் தட்டிவிடுபவர், நீ மழிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாடையை அசையாமல் காட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவு பொறுமையான கை உனக்கு. இத்தனை நாளும் இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

என்றும் அன்புடன்,
உன் செங்கோட்டை நண்பன்